அந்த அயல்வீட்டுப் பெண் நான்தான்

பாப்பா,

நீ பக்கத்து அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். எழுந்து வந்தால் நேரிலேயே சொல்லிவிடலாம். ஆனால் நேரில் சொன்னால் நீ சிரிப்பாய், எனக்குக் கோபம் வரும், உன் அப்பா நடுவில் புகுந்து "விடுங்க ரெண்டு பேரும், ஊருக்குப் போற புள்ள" என்பார், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். கப்பலில் படித்துக்கொள்ளட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். வேண்டாம். பினாங்குக்குக் கார் கிளம்புவதற்கு முன்னாலேயே படித்துவிடு. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உன் அத்தை கமலாவும் கேட்கட்டும். அவளுக்குத்தான் இன்றைக்கும் தமிழ் படிக்க வராதே, நீயே உரக்கப் படித்துக் காட்டு. அவளைப் பற்றி நான் எழுதியிருப்பதில் ஒரு சொல்லையும் மென்று விழுங்காதே. எனக்கு அண்ணி முறை, 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எழுத மாட்டேன். அவளும் நானும் ஒரே வயது.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, மதராசில் நூலகப் படிப்புக்கு விண்ணப்பித்தபோது நீ எழுதி அனுப்பிய கட்டுரையை எடுத்து வந்தாய். பட்டம் வாங்கியவர்களுக்கான படிப்பு என்பதால், ஏன் இந்தத் துறைக்கு வர விரும்புகிறாய் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதியதை எனக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாய். ஜப்பான்காரன் காலத்தில், தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாத உன் அத்தை, மலாக்காவில் காஜா பெராங்கில் தன் வீட்டில் வைத்தே ஒரு தமிழ் வாசகசாலையை நடத்தினாள் என்று சொன்னாய். அவளைப் பார்த்துத்தான் உனக்கு நூலகர் ஆகும் ஆசை வந்தது என்றாய். அப்புறம் ஒரே ஒரு வரி: அயல்வீட்டுப் பெண் ஒருத்தி அவளுக்கு உதவியாக இருந்தாள். கமலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உன் மாமா உன் தலையைத் தடவிக் கொடுத்தார். நான் ரசம் எடுத்து வருகிறேன் என்று அடுப்படிக்குப் போனேன். ரசம் மேசையிலேயே இருந்தது.

அந்த அயல்வீட்டுப் பெண் நான்தான், பாப்பா. உனக்குத் தெரியாதது உன் குற்றமில்லை. கதை சொல்ல உன் அத்தைக்கு வாய் இருந்தது, எனக்கு வேலை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் மடியில் படுத்துக்கொண்டு நீ கேட்ட கதைகளில் நான் 'அயல்வீட்டுப் பெண்'ணாகத்தான் வந்திருக்கிறேன். அவள் பொய் சொல்லவில்லை, அப்போது நான் அவளுக்கு எதிர்வீட்டுக்காரிதானே. ஆனாலும் வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது. அன்றைக்குச் சாயங்காலம் நான் பினாங்குக்கு வரவில்லை, முழங்கால் வலி, அத்தையும் மாமாவும் உன்னை ஏற்றிவிட்டு வரட்டும் என்று சொன்னேன் இல்லையா, அது முழங்கால் வலி இல்லை. பொறாமை. இந்த வயதில் அதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

முதலிலிருந்து சொல்கிறேன். ஜப்பான் சண்டைக்கு முன்னால் தெங்கேராவில் நம் ஆட்களுக்கு ஒரு வாசகசாலை இருந்தது. உன் மாமாதான், அதாவது என் அண்ணன், அதற்குச் செயலாளர். ஜப்பான்காரன் வந்த புதிதில் அந்தக் கட்டடம் தனக்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டான். புத்தகங்களை உடனே அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டான். அண்ணன் அவற்றை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவதாக ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தமிழ்ப் பள்ளியில் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள் கிடையாது. அந்த வாசகசாலைப் புத்தகங்களில் பாதியை அண்ணன் மூலமாகவே வாங்கிப் படித்து முடித்திருந்தேன், மீதிப் பாதிக்காகக் காத்திருந்தேன். முன் அறையைக் கூட்டி, செங்கல் வைத்துப் பலகை போட்டு, தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். வண்டி வந்தது. நம் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி வந்து, மாடு எதிர்வீட்டுப் பக்கம் திரும்பியது.

எதிர்வீடு கமலாவுடையது. நம் காஜா பெராங்கில் அவர்களைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் மதராசில் உன் சிநேகிதிகள் இதைப் படித்தால் விழிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். மலாக்கா செட்டிகள் என்றால் பல தலைமுறைக்கு முன்னால் வந்தவர்கள். சாமி நம் சாமி, பெயர் நம் பெயர், வீட்டில் பேசுவது மட்டும் ஒரு மாதிரி மலாய். கமலா மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்தவள். கெபாயா சட்டையும் பூப்போட்ட சாரோங்கும் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் தெருவே அவள் வீட்டு முற்றம் மாதிரி இருக்கும். அழகிதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். தமிழில் 'அ' எது 'ஆ' எது என்று தெரியாது. அவள் கையில் தமிழ்ப் புத்தக அலமாரியின் சாவி. "ஏண்ணே?" என்று கேட்டேன். "அவுங்க வீட்ல பெரிய அலமாரி இருக்கு புள்ள, கண்ணாடிக் கதவு போட்டது, கரையான் வராது" என்றார் அண்ணன். கரையானுக்காக வந்த வண்டி இல்லை அது என்று எங்கள் தெருவில் கோழிக்குக்கூடத் தெரியும்.

இப்போது அவள் எப்படி நடத்தினாள் என்று கேள். இதை உன் அத்தை உனக்குச் சொல்லியிருப்பாள், ஆனால் வயிற்றெரிச்சல் பிடித்தவள் கண்ணால் பார்த்த மாதிரி சொல்லியிருக்க மாட்டாள். காகிதம் கிடைக்காத காலம். யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார்கள் என்று எழுதி வைக்கவும் வழியில்லை, அவளுக்குத் தமிழ்த் தலைப்பைப் படிக்கவும் தெரியாது. அதனால் ஒரு சட்டம் போட்டாள். புத்தகம் எடுக்கிறவர்கள் வீட்டுச் சாமான் ஒன்றைக் கொண்டுவந்து, புத்தகம் இருந்த அதே இடத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும். உதவாத சாமானாக இருக்கக் கூடாது. அது இல்லாமல் வேலை ஓடாது என்கிற சாமானாக இருக்க வேண்டும். தையல்காரர் கத்தரிக்கோலை வைத்தார். சலவைக்காரர் வீட்டில் இஸ்திரிப் பெட்டி. தெருக்கோடிப் பெரியம்மா மரவள்ளிக் கிழங்கு துருவுகிற துருவியை வைத்தார், ஜப்பான்காரன் காலத்தில் துருவி இல்லாத வீடு பட்டினி வீடு. ஆபீசில் எழுத்து வேலை பார்த்து ஓய்வுபெற்ற கிராணி ஒருவர், வைக்க வேறொன்றும் இல்லை என்று, பல் செட்டைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாளே அவர் புத்தகத்தோடு வந்து நின்றார், கஞ்சி குடித்துக் குடித்து அலுத்துவிட்டதாம்.

புத்தகம் திரும்பி வந்தால் கமலா ஒரு கேள்வி கேட்பாள். "இது எப்படி?" அவ்வளவுதான், மலாயில். படித்தவர் அரை மலாயும் அரைத் தமிழுமாகச் சொல்வார். சொன்னதை வைத்து அவள் புத்தகத்தை அடுக்குவாள். அழுதேன் என்றவர்கள் கொண்டுவந்ததெல்லாம் ஒரு தட்டில். சிரித்தேன் என்றது ஒரு தட்டில். தூக்கம் வந்துவிட்டது என்றது மேல் தட்டில், அதைத் தூக்கம் வராதவர்களுக்கு எடுத்துக் கொடுப்பாள். ஒரு மூலிகை வைத்தியப் புத்தகத்தைப் பக்திப் புத்தகங்களோடு வைத்திருந்தாள், ஏன் என்றால் அதைப் படித்துக் கஷாயம் போட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது, "சாமி காப்பாத்துச்சு" என்று அந்தத் தாய் சொல்லிவிட்டாளாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் போய், "இது வைத்தியம், அங்கே வை" என்றேன். "உனக்குக் காய்ச்சல் வந்தப்ப படிச்சியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப உனக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பழைய இடத்திலேயே வைத்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இவளோ ஆடவும் தெரியாமல் கூடத்தையும் திருத்தாமல் ஊரையே ஆட வைத்துவிட்டாள். காஜா பெராங்கில் மட்டுமா, புக்கிட் காதிலிலிருந்தெல்லாம் நடந்து வந்து புத்தகம் எடுத்தார்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறாயா? எங்கள் முன் அறை ஜன்னலில் பாதித் திரை தொங்கும். அதற்குப் பின்னால் கிழங்கு சீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யார் உள்ளே போகிறார்கள், கையில் என்ன சாமான், வெளியே வரும்போது என்ன நிற அட்டை, எல்லாம் பார்ப்பேன். அட்டையைப் பார்த்தாலே எனக்கு எந்தப் புத்தகம் என்று தெரியும். எடுத்தவரைக் குழாயடியில் பார்த்தால் எதுவரைக்கும் வந்திருக்கிறீர்கள் என்று கேட்பேன். தூங்கப் போகும்போது அந்த அலமாரி என் கண்ணுக்குள் அப்படியே நிற்கும். சாவி என்னிடம் இருந்திருந்தால் இப்படிப் பார்த்திருக்க மாட்டேன். இல்லாதவள் கண்ணுக்குத்தான் எல்லாம் தெரியும்.

பிறகு அண்ணனைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். ரயில் பாதை போடப் போன கூலிகளுக்குப் பெயர் எழுத ஆள் வேண்டும் என்று பண்டார் ஹிலிரில் அவர் வேலை செய்த கடையிலிருந்தே ஏற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை. போனவர்கள் திரும்பி வருவதில்லை என்று பேச்சு வந்துகொண்டே இருந்தது. அம்மா சோற்றில் கை வைப்பதை விட்டுவிட்டாள். எதிர்வீட்டில் கமலாவும் முகம் வீங்கித்தான் திரிந்தாள். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. என் அண்ணனுக்கு இவள் யார் அழுவதற்கு என்று. ஆனால் அலமாரியை மட்டும் அவள் ஒரு நாளும் பூட்டி வைக்கவில்லை. இன்னும் அதிகமாகத்தான் கொடுத்தாள், திரும்பி வரும்போது அவர் பார்க்கட்டும் என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள்.

இனித்தான் அந்த ஒரு வரிக்குள் நீ அடைத்துவிட்ட விஷயம். இரும்பு, பித்தளைச் சாமான்களைப் பதுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்த நேரம். கமலா வீட்டில் சாமான் சேர்கிறது என்று யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நான் இல்லை. அப்படி ஒரு எண்ணம் உனக்கு வந்திருந்தால் கடிதத்தை இங்கேயே மடித்து வைத்துவிடு. ஒரு நாள் காலை, வெயில் ஏறின பிறகு, ஜப்பான் சிப்பாய்கள் இரண்டு பேரும் மலாய் பேசுகிற மொழிபெயர்ப்பாளன் ஒருவனும் வந்து அவள் வீட்டுக்குள் நுழைந்தார்கள். என் ஜன்னலுக்கு எல்லாம் தெரிந்தது. அலமாரியைத் திறந்தார்கள். கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி, பித்தளை அகப்பை, துருவி, பாக்குவெட்டி, பூட்டு, சீப்பு. "இது சாமான் இல்லை, இது வாசகசாலை" என்றாள் கமலா. "புக்கு மானா?" என்று அந்த மொழிபெயர்ப்பாளன் கத்தினான். புத்தகம் எங்கே?

புத்தகம் எங்கே இருக்கும்? எல்லாம் வெளியே போயிருந்தது. அவ்வளவு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். தூக்கம் வருகிற தட்டில் மட்டும் நாலைந்து கிடந்தன. வாசகசாலை எவ்வளவு நன்றாக நடந்ததோ அவ்வளவுக்கு அது திருட்டுச் சாமான் அறை மாதிரி இருந்தது. ஒவ்வொரு சாமானாக எடுத்து, "இனி சியாப்பா பூஞா?", இது யாருடையது, யாருடையது என்று கேட்டார்கள். அவளுக்குச் சாமான் தெரியும், ஆள் தெரியும். ஆனால் அந்த ஆளிடம் என்ன புத்தகம் என்று கேட்டால் பெயர் சொல்லத் தெரியாது. அழுகிற புத்தகம், சிரிக்கிற புத்தகம் என்றாள். கேலி செய்கிறாள் என்று நினைத்து ஒருவன் அறைந்தான். உதடு கிழிந்தது. தெருவில் எல்லாக் கதவும் மூடிக்கொண்டது. அந்த வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நான் ஏன் போனேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தைரியம் இல்லை, அதுமட்டும் தெரியும். கையில் கிழங்கு சீவுகிற கத்தி இருந்தது, நல்லவேளை, அம்மா பிடுங்கிக்கொண்டாள். தெருவைத் தாண்டி உள்ளே போய்க் குனிந்து வணங்கினேன். சிப்பாய் ஒருவன் கையில் கத்தரிக்கோல் இருந்தது. மலாயில் சொன்னேன்: "அது தையல்காரர் கத்தரிக்கோல். அவரிடம் இருப்பது சிவப்பு அட்டை போட்ட துப்பறியும் கதை. நேற்றுச் சாயங்காலம்தான் எடுத்தார். கொலைகாரன் யார் என்று இன்னும் கண்டுபிடித்திருக்க மாட்டார்." அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இஸ்திரிப் பெட்டியைக் காட்டினான். "அந்தக் கடைசி வீடு. யாத்திரைப் புத்தகம், முன் அட்டை இல்லை, மழையில் நனைந்தது." துணி மூட்டையைப் பிரித்தான், பல் செட்டு. கிராணி மறுபடியும் வைத்திருந்தார், பாவம், புத்தக ஆசை பல் ஆசையைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது. அதற்கும் சொன்னேன். ஒவ்வொன்றாகத் தூக்கத் தூக்கச் சொன்னேன். எங்கும் தடுமாறவில்லை. உண்மையைச் சொல்கிறேன், பாப்பா, உயிர் போகிற அந்த நேரத்திலும் உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. சாவி உன்னிடம் இருக்கலாம், வாசகசாலை என்னிடம்தான் இருக்கிறது என்று கமலாவுக்குக் காட்டிவிட்ட சந்தோஷம்.

நம்பவில்லை, என்னை முன்னால் நடக்கவிட்டு வீடு வீடாக வந்தார்கள். தையல்காரர் மிஷினுக்கு அடியில் மறைத்திருந்த சிவப்பு அட்டையை இழுத்து வெளியே போட்டார். கிராணி வாயைக் கையால் மூடிக்கொண்டு மற்றக் கையால் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். சிப்பாய்களில் ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பித்தளை அகப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அகப்பைக்காரம்மா கமலாவைத் திட்டிய திட்டு சண்டை முடிந்த பிறகும் முடியவில்லை.

அவர்கள் போன பிறகு கமலா ஈரத் துணியை உதட்டில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "உனக்கு எப்படி எல்லாம் தெரியும்?" "பார்த்தேன்." "தினமுமா?" "தினமும்." "என்னையா பார்த்துக்கிட்டு இருந்தே?" "உன்னை யார் பார்த்தா? புத்தகத்தைப் பார்த்தேன்." அந்தக் கிழிந்த உதட்டோடு சிரித்தாள். மறுநாள் அலமாரி பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுவிட்டு வந்து என்னைக் கூப்பிட்டாள். சாவி அவள் இடுப்பிலேயே இருந்தது. நான் போய் உட்கார்ந்தேன். மடித்த பக்கம், எண்ணெய்க் கறை, கிழிந்த ஓரம் என்று வருகிற போகிறவர்களை நிற்க வைத்துக் கேட்டேன். கொஞ்ச நாளில் அலமாரி நிரம்ப ஆரம்பித்தது. புத்தகம் எல்லாம் பத்திரமாக, வரிசையாக, அழகாக இருந்தது. எனக்கு ஒரே பெருமை. ஒரு நாள் கமலா, "இன்னிக்கு யாரும் வரலையே" என்றாள்.

அண்ணன் திரும்பி வந்தார். எலும்பும் தோலுமாக, கால் வீங்கி, மலேரியாவோடு வந்தார். வந்தாரே, அது போதும். தேறி எழுந்ததும் ஊர் எதிர்பார்த்தபடி கமலாவைக் கட்டிக்கொண்டார். கல்யாணம் முடிந்து ஒரு நாள் நேராகவே கேட்டேன்: "அலமாரிக்காக இல்லைன்னு எனக்குத் தெரியும். அவ மேல ஆசைன்னுதானே அவகிட்ட குடுத்தே?" அண்ணன் யோசித்துத்தான் பதில் சொன்னார். "ஆசை இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா அதுக்காக இல்ல. உன்கிட்ட குடுத்திருந்தா ஒரு புஸ்தகம்கூடக் கெட்டுப் போயிருக்காது புள்ள. ஒருத்தரும் படிச்சிருக்கவும் மாட்டாங்க." அதற்குப் பிறகு அவரோடு நான் எத்தனை நாள் பேசவில்லை என்று உன் மாமாவையே கேள், இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். பொய் சொல்லியிருந்தால் மறுநாளே பேசியிருப்பேன்.

அதனால்தான் பாப்பா, நீ இந்தப் படிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்த காலம் முழுக்க நான் உன் பக்கத்தில் வந்து வந்து நின்றேன். பரீட்சைக்குப் படிக்கிறவளுக்குக் காப்பி கொடுக்கிற அம்மா என்று நீ நினைத்திருப்பாய். நான் புத்தகத்தை எட்டிப் பார்க்க வந்தவள். உலகத்தில் உள்ள அறிவையெல்லாம் வகை பிரித்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துவிட்டார்கள் என்று நீ சொன்ன அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒரு புத்தகத்துக்கு ஒரே இடம், அதை யாரும் மாற்ற முடியாது, அப்படி ஒரு படிப்பு இருக்கிறது, அதைப் பெண்பிள்ளைகளும் படிக்கலாம் என்று என் காலத்தில் எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே. உன் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. பெற்ற பிள்ளை மேல் பொறாமைப்படுகிறவள் உண்டா என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அப்புறம் மறுபடியும் வந்து எட்டிப் பார்த்தேன். அந்த மூலிகைப் புத்தகத்தை எங்கே வைப்பாய் என்று உன்னிடம் ஒரு முறை கேட்டேனே, நினைவிருக்கிறதா? மருத்துவத்தில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாய். "பக்தியில் வைத்தால் தப்பா?" என்று கேட்டேன். "தப்புதான்மா" என்றாய். எனக்கு ஜில்லென்று இருந்தது. இரண்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி உன்னை இன்னொரு முறை சொல்லச் சொல்லலாமா என்று பார்த்தேன்.

ஆனால் நீ என் மகள் மட்டும் இல்லை, அதுதான் சிக்கல். போன வருஷம் நீ வேலை பார்த்த பள்ளிக்கூட நூலகத்துக்கு ஒரு நாள் உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன். ஒரு பெண் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். நீ அதை வாங்கி, பின் அட்டையைத் திறந்து, அட்டையில் முத்திரை குத்துவதற்கு முன்னால் அவள் முகத்தைப் பார்த்து, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாய். உன் புத்தகங்கள் ஒழுங்காக எண் வரிசையில் நின்றன, ஒன்றுகூடத் தலை சாயவில்லை, அது நான். அந்தக் கேள்வி கமலா. சாப்பாட்டுத் தூக்கை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதனால் என் வாயாலேயே சொல்கிறேன், இதை அவளுக்கு நீ கொஞ்சம் மெதுவாகவே படித்துக் காட்டலாம். மதராசில் எண் கொடுக்கக் கற்றுக்கொள், பட்டியல் போடக் கற்றுக்கொள், எல்லாரையும்விட நன்றாகச் செய், அதில் விட்டுக் கொடுக்காதே. உன் அலமாரி காலியாக இருக்கிறதே என்று மேலே உள்ளவர் யாராவது ஒரு நாள் முகம் சுளித்தால் வெட்கப்படாதே, எந்தப் புத்தகம் எந்த வீட்டில் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்து வைத்துக்கொள். நம் பேச்சைக் கேட்டு அங்கே சிரிப்பார்கள், இடையிடையே மலாய் வந்து விழும், விழட்டும். எண்ணெய் தேய்த்துக் குளி, அந்த ஊர் வெயில் நம் வெயில் மாதிரி இல்லையாம். கிழிந்த புத்தகத்தைப் பார்த்தால் உனக்குக் கோபம் வரும், அது என் ரத்தம், கொண்டுவந்தவரிடம் காட்டாதே. கட்டுரையைத் திருத்தி அனுப்ப வேண்டாம். அவர்கள் உன்னைச் சேர்த்துக்கொண்டாயிற்று, அந்த ஒரு வரி அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். வேறொன்று கேட்கிறேன்.

நான் பினாங்குக்கு வருகிறேன். காரில் இடம் இல்லை என்றால் உன் மாமா முன்னால் ஒடுங்கி உட்காரட்டும். துறைமுகத்தில் கமலா அழுவாள். நன்றாக அழ வரும் அவளுக்கு, போகிற வருகிறவர்கள் அவள்தான் உன் அம்மா என்று நினைப்பார்கள். நான் அழ மாட்டேன், பெட்டியை எண்ணிக்கொண்டு, கயிறு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஓரமாக நிற்பேன். உன்னைக் கூப்பிடவும் மாட்டேன், எனக்கு அது வராது. அவள் கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நிற்பாள். அவளைத் தாண்டி வா. அவளுக்கு அப்புறம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கொடு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். முதலில் என்னிடம் வா.

அம்மா